வரைபடத்தின் வலது மூலை

எட்மண்டுக்கு ஒன்பது வருடமாக ஒரே ஆசை. சுரங்க வரைபடத்தின் வலது மூலையில், கீழே, இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் வரைந்தவர் பெயர். கீழ் வரியில், அதை டிரேசிங் துணியில் நகலெடுத்தவர் பெயர். எட்மண்ட் கீழ் வரியிலிருந்து மேல் வரிக்கு ஏற வேண்டும். அரை அங்குல தூரம்தான். ஆயிரம் அடி ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த தங்க வயலில், இந்த ஓர் ஏற்றத்துக்கு மட்டும் வழியில்லாமல் இருந்தது.

சர்வே ஆபீஸ் வழக்கம் அப்படி. ஆபீசின் தலைவரான டிரவானி துரை சுரங்கத்துக்குள் போய் அளந்து, எண்களைக் குறிப்புப் புத்தகத்தில் கிறுக்கிக்கொண்டு வருவார். அந்த எண்களைக் கட்டி மேய்த்து, செங்குத்தாக இறங்கும் ஷாப்டும், அதிலிருந்து கிடையாகப் போகும் லெவலுமாகப் படமாக்குவது எட்மண்ட். ஆனால் துரை வரைவார், நம் ஆள் நகலெடுப்பார் என்பது சீமையிலேயே முடிவான ஏற்பாடு. ஆகவே ஒவ்வொரு படத்தையும் முடித்ததும், மேல் வரியில் துரையின் பெயரை முத்து முத்தாக எழுதுவதும் எட்மண்டின் வேலையாக இருந்தது.

"அந்த மூலையில கொசு கணக்கா எழுதறதுக்கா இம்மாந் துக்கம்?" என்பாள் மனைவி பாக்கியவதி. "சர்ச்சுல எல்லாரும் உங்கள டிராயிங் மாஸ்டர்னுதானே சொல்றாங்க."

"சர்ச்சு சொன்னா ஆச்சா? படம் சொல்லணும்" என்பார் அவர்.

1898-இல் பாதிரியாரிடம் ஒரு பெரிய ஆங்கில அகராதி வந்து சேர்ந்தது. எட்மண்ட் அதில் வரைவதைக் குறிக்கும் 'டிரா' என்ற சொல்லைத் தேடினார். இரண்டு பக்கம் போயிற்று. வண்டி இழு, நீர் இறை, வாள் உருவு, பல் பிடுங்கு, மூச்சு இழு. இத்தனைக்கும் பிறகுதான் படம் வரை. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: பழைய ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டு போவது என்று பொருள். எட்மண்டுக்கு உடம்பு சிலிர்த்தது. நாமும் கோட்டை இழுக்கத்தானே செய்கிறோம்! அப்படியே எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' என்ற சொல்லையும் புரட்டினார். ஆதியில் மரத்திலும் கல்லிலும் கீறுவதாம் அது. கீறியதும் யார்? இழுத்ததும் யார்?

உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். சொல்லின் பிறப்பு, வளர்ப்பு எல்லாம் விலாவாரியாக. முடிவில் இப்படி: 'பேனாவை இழுத்தவன் எவனோ அவனே வரைந்தவன். ஆகவே இந்த ஆபீசின் எல்லாப் படங்களையும் நானே வரைந்தேன் என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.' டிரவானி துரை அதைப் படித்து, "ரொம்ப சுவாரசியம்" என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். மேல் வரி அவரிடமே இருந்தது.

அந்த மழைக்காலத்தில் எட்மண்ட் பத்து நாள் காய்ச்சலில் விழுந்தார். ஐந்தாம் லெவலின் படம் அவசரமாக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் துரையே உட்கார்ந்து வரைந்தார். எட்மண்ட் திரும்பி வந்தபோது நகலெடுப்பதுதான் பாக்கி. படத்தின்மேல் துணியை விரித்ததுமே அவர் கண்ணில் பட்டது: லெவலுக்குப் பக்கத்தில், எந்தக் காலத்திலோ தங்கம் தேடித் தோண்டிய பழைய குழி, தண்ணீரோடு நிற்பது, அதை லெவலிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போட்டிருந்தார் துரை. அவ்வளவு தூரம் இருக்காது என்று எட்மண்டுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நகலெடுக்கிறவனுக்கு எதற்கு இந்த வம்பு, இழுத்தவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வீம்பு பிடித்து, உள்ளது உள்ளபடி நகலெடுத்துக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் குழி உடைந்து ஐந்தாம் லெவல் முழுகியது. ஷிப்டு மாறுகிற நேரமாக இருந்ததால் உள்ளே யாரும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எட்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு துரை வந்தார். டிரவானி துரை கோப்பிலிருந்து அந்த நான்கு பக்க மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

"இது உன் கையெழுத்தா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஆமாம் ஐயா. ஆனால் அந்த ஒரு படம் மட்டும் நான் வரைந்ததில்லை. நகலெடுத்தேன், அவ்வளவுதான்." ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"நகலெடுப்பவனுக்கு இத்தனை படமும் வரையத் தெரியுமா?" என்று சிரித்தார் விசாரணைத் துரை.

எட்மண்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காகிதம் கேட்டார். நின்றபடியே, எதையும் பார்க்காமல், ஐந்தாம் லெவலை ஷாப்டிலிருந்து கடைசி முனை வரை வரைந்து காட்டினார். பழைய குழியை அது இருக்க வேண்டிய இடத்தில், லெவலிலிருந்து எட்டு அடியில் வைத்தார். இதைப் பார்த்தால் யார் வரைந்தது எது என்று கண் உள்ள எவருக்கும் புரியும் என்று நம்பினார்.

விசாரணைத் துரை அசந்துபோனார். "அற்புதம்" என்றார். பிறகு எழுத்தர் ஏனோக்கைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கொள். படங்களை வரைந்தவர் இவரே என்பது சந்தேகமின்றி நிரூபணமாகிவிட்டது. குழி எங்கே இருக்கிறது என்பதும் இவருக்குத் தெரிந்திருக்கிறது."

எட்மண்டின் வேலை அன்றே போயிற்று. பாக்கியவதி வாசலில் நின்று ஆபீஸ் இருந்த திசையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். "மனசாட்சி இல்லாத ஜென்மங்க! நீங்க இன்னாத்துக்கு அங்க வரைஞ்சி காட்டினீங்க? கம்முனு இருந்திருக்கலாம் இல்ல?"

மறுநாள் தன் வரைகருவிப் பெட்டியை எடுக்க ஆபீசுக்குப் போன இடத்தில், ஏனோக்கிடம் ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னார். ஏனோக் தயங்கித் தயங்கிப் பக்கத்தைப் புரட்டினார். 'ஐந்தாம் லெவல் வரைபடம். வரைந்தவர்: எட்மண்ட்.' பொய்தான். அநியாயம்தான். ஆனாலும் அதைப் பார்த்த நொடியில், வெட்கக்கேடு, அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார். பாக்கியவதியிடம் இதை மட்டும் அவர் சொல்லவில்லை.