மெழுகு உடையாத பெட்டி

கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டின வீட்டில் வளர்ந்தவள் நான், துணி காயப்போட்டதே அந்தச் சுவரில்தான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது இதுதான்.

பென் டிரைவையே ஆச்சரியமாகப் பார்த்த காலம். நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் மலைமேல் நாயுடுபுரத்தில் ஒரு அறை எடுத்து, சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளை வைத்துக் கருவிகள் செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் எழுதுவது நான், பெட்டியும் வயரும் அவர் பொறுப்பு. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஒரு பெட்டி கேட்டார்கள். சோலை ஓரமாகக் கம்பத்தில் மாட்டிவிட்டால், விடியும்போது தானே விழித்துப் பகல் முழுக்கக் காட்டுச் சத்தத்தைப் பதிய வேண்டும், பொழுது சாய்ந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிட வேண்டும். யு.எஸ்.பி.யில் சொருகிய மைக்தான் அதற்குக் காது.

அங்கேதான் வந்தது வினை. தூங்கி எழுந்தால் பெட்டிக்கு மைக் இருப்பதே தெரியவில்லை. இவர் தினமும் வெள்ளனே எழுந்து, பனியில் பைக்கை எடுத்துக்கொண்டு மேலே போவார். மைக்கைப் பிடுங்கி, வாயால் ஊதி, ஐந்து எண்ணி, திரும்பச் சொருகி, நகத்தால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு மூடியைப் பூட்டி, ஈரம் இறங்காமல் திருகாணித் தலைகளில் கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிக் கட்டைவிரலால் அமுக்குவார். எத்தனையோ பேர் எம்-சீல் வாங்கச் சொல்லியும் கேட்கவில்லை, மனுஷனுக்கு மெழுகுதான்.

என் மேஜையில் அந்தக் கோளாறு ஒருநாளும் வந்ததில்லை. அதனால் அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கடைசியாக ஒருநாள் காலையில் அவர் மறுபடி சொன்னபோது, "நீங்க ஒழுங்கா சொருகியிருக்க மாட்டீங்க" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மேலே போய்ச் சேரவில்லை. பாதி வழியில், வளைவில் வண்டி சறுக்கிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பெட்டியைக் கழற்றி வர அவருடைய அண்ணன் சூசையோடு போனேன். அதில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தப்பு யாருடையதானாலும் தினமும் போய்ச் சொருகினால்தான் அது பதிந்தது, அவர் போன நாளிலிருந்து சொருக ஆள் இல்லை. சூசை கத்தியால் மெழுகைச் சுரண்டப் போனவர் நின்றுவிட்டார்.

"யாரும் தெறக்கலம்மா. தம்பி வச்ச ரேகை அப்பிடியே கெடக்கு."

வீட்டுக்கு வந்து மெமரி கார்டைப் போட்டால், அத்தனை நாளும் பதிந்திருந்தது. போர்டு தானாக எழுதும் குறிப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு விடியலிலும் மைக் காணோம் என்று ஒரு வரி, பிடுங்கப்பட்டது என்று ஒரு வரி, சரியாக ஐந்து விநாடி கழித்துச் சொருகப்பட்டது என்று ஒரு வரி. பதிவுகளைக் கேட்டேன். கேட்ட ஒவ்வொன்றும் இரண்டு தட்டில் ஆரம்பித்தது, கடைசி ஒன்றை மட்டும் கேட்கத் துணியவில்லை.

பெட்டி தானே சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை அறையிலேயே பேட்டரியில் ஓட்டினேன். தூங்கி எழுந்தது, மைக்கைத் தொலைத்தது, கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. மேஜையில் நான் மைக்கைத் தனியாகக் கரண்ட் வரும் ஹப்பில் சொருகி வைத்திருந்தேன், போர்டு தூங்கினாலும் மைக் தூங்காது. காட்டில் இரண்டுக்கும் சேர்த்துக் கரண்ட் நின்றுவிடும், விழித்தபின் போர்டு பழைய இணைப்பிலேயே பார்த்து, மைக் காணோம் என்று எழுதிவிட்டு, அதைப் புதிதாகத் தேடுவதே இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி. என் புரோகிராமில்தான் தப்பு. திருத்த அரை நாள்கூட ஆகவில்லை. அந்த அரை நாளை அவர் உயிரோடு இருக்கும்போது நான் ஒதுக்கவில்லை.

புரோகிராமைத் திருத்தி முடித்த பிறகுதான் அந்தக் கடைசிப் பதிவைக் கேட்டேன். நாங்கள் பெட்டியைக் கழற்றப் போன அன்றைக்கு விடியலில் பதிந்தது. இரண்டு தட்டு. அப்புறம் சத்தம் போடாமல், வருத்தமாக, அவர் குரல்:

"ரோசி, ஒழுங்காத்தான் சொருகியிருக்கேன்."

ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திருத்திய பெட்டியைக் கொடுத்துவிட்டேன். ஆனால் இன்னொரு பெட்டி செய்து, அதில் பழைய புரோகிராமையே, தப்போடு, போட்டு அதே கம்பத்தில் மாட்டினேன். திருகாணிகளில் மெழுகும் ஊற்றினேன். மாதாமாதம் போய்க் கார்டை எடுத்து வருகிறேன். முதல் நாள் பதிகிறது, தூங்குகிறது, அதோடு சரி. விடியலுக்கு விடியல் மைக் காணோம் என்ற ஒரு வரிதான் இருக்கிறது, அடுத்த வரி வருவதே இல்லை.

நான் நம்பிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.