காது கிழிகிற பாட்டு

கார் கூரையில் குழாய் ஸ்பீக்கர்களை அடுக்கி எதிர்க் குழுவின் பாட்டை அமுக்குவதுதான் சைரன் போட்டி. யாருடைய பாட்டு தூரத்திலும் தெளிவாகக் கேட்கிறதோ அவர்களுக்கு வெற்றி. குழாயில் பேஸ் எடுபடாது. ஆகவே மிக்ஸ் பண்ணுகிறவன் அடியொலியை வெட்டி எறிந்துவிட்டு, குரலையும் சிம்பல் தாளத்தட்டின் ஒலியையும் ஊசிபோல் தீட்ட வேண்டும். மாங்கெரே புறநகரில் விலியாமுவின் குழுவுக்கு அந்த வேலையைச் செய்துவந்தவன் அவன் தங்கை லோசாவின் புருஷன், அலபாத்தி.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். காதுமூடியைக் கழுத்தில்தான் மாட்டியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, டாரோக் கிழங்கும் தேங்காய்ப்பால் கீரையும் தின்றுவிட்டு வீடே உறங்கப் போகும்போது அவன் கராஜுக்குள் போவான். ஒரு மிக்ஸ் முடிந்ததும் குழாயை வாசல் கேட்டில் கட்டி ஓடவிட்டு, பஸ் ஸ்டாப்வரை நடந்துபோய்க் கேட்பான். அங்கே நின்று கேட்டதில்தான் அவனுக்கு நம்பிக்கை.

அந்தக் கோடையில் பஸ் ஸ்டாப்பில் சிம்பல் கேட்கவில்லை. கொஞ்சம் ஏற்றினான். அடுத்த பாட்டில் இன்னும் கொஞ்சம்.

"காது கிழியுதுடா மச்சான்," என்று விலியாமு அவனைக் கட்டிக்கொண்டான். சைரன்காரர்களிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நிஜமாகவே காது வலித்தவன் வாயைத் திறக்கமாட்டான்.

பிறகு குழாய்கள் கருக ஆரம்பித்தன. விலியாமு ஆம்ப்ளிஃபயரைத் திட்டினான். அலபாத்தியும் கூடச் சேர்ந்து திட்டினான். ஆனால் சிம்பலை ஏற்றிக்கொண்டே போனவன் அவன்தான்.

அடுத்த ஞாயிறு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சிம்பலை மட்டும் ஓடவிட்டான். கராஜ் அமைதியாக இருந்தது. வயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்தான். கழலவில்லை. கணினித் திரையின் வலது ஓரத்தில் ஒலியளவு காட்டும் பச்சைக் கோடுகள் உச்சிவரை எழும்பி எழும்பி விழுந்தன.

லோசா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னய்யா பண்றே? அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. ஊசிய விட்டுக் கொடையுற மாதிரி இருக்கு."

"இப்பவும் ஓடுதா?"

"விளையாடாத, நிறுத்து." சிரிக்கப்போனவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பாத்தி, உனக்குக் கேக்கலியா?"

அவன் அணைத்தான். அவனுக்கு எதுவும் மாறவில்லை.

"அண்ணங்கிட்ட சொல்லிடு."

"சொன்னா மிக்ஸ் பண்ண ஓட்டாரா ஊர்க்காரனக் கூட்டிட்டு வந்துடுவான். அப்புறம் நான் யாரு? பெட்டி தூக்குறவன்."

"டாக்டர்கிட்டயாவது போ."

"போட்டி முடியட்டும்."

டாக்டர் என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரியும். இன்னொருவர் வாயால் அதைக் கேட்கத்தான் பயம். அன்று மாலை லோசாவைப் பக்கத்தில் உட்காரவைத்தான். சத்தம் காதைக் குத்தினால் அவள் கை தூக்குவாள், அவன் குறைப்பான். சர்ச் பாட்டுக்குப் பழகிய காது அவளுடையது. அடிக்கடி கை தூக்கினாள்.

சனிக்கிழமை மதியம் பூட்டிக்கிடந்த கிடங்கு ஒன்றின் கார் நிறுத்தத்தில் ஒத்திகை. லோசாவும் வந்து ஓரமாக நின்றாள். பாட்டு ஓடியது. குழுப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னடா இது, தாலாட்டா?" என்றான் விலியாமு. "கிழிக்கச் சொன்னா தூங்கவைக்கிறே. சிம்பல ஏத்து."

அலபாத்தி சிம்பலின் குமிழைத் தொட்டான். எவ்வளவு ஏற்றினால் கிழியும், எவ்வளவில் கருகும், ஒன்றும் தெரியவில்லை. குழப்பத்தில் பக்கம் மாற்றி ஒரு சுற்றுத் திருப்பினான்.

"ஏத்துன்னேன், எறக்குறியே."

அவன் வேறு பக்கம் திருப்பினான். லோசா கை தூக்கியதை அவன் பார்க்கவில்லை. குழாய் ஒன்றிலிருந்து புகை வந்த பிறகுதான் கையை எடுத்தான். யாரோ மின்வயரைப் பிடுங்கினார்கள்.

"எனக்கு சிம்பல் மாதிரி மேல்சத்தம் கேக்கல மச்சான்."

விலியாமு குழாயை இறக்கி, கருகிய வாயை முகர்ந்து பார்த்தான். "எத்தன மாசமா?"

"தெரியல."

விலியாமு திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்றிருந்தது அலபாத்திக்கு. விலியாமு தங்கையைப் பார்த்துத் தலையசைத்தான். "நீ வந்து உக்காரு. கை தூக்குறதெல்லாம் வேணாம், நீயே திருப்பு."

அலபாத்தி எழுந்து இடம்விட்டான். எந்தக் குமிழ் எது என்று குனிந்து காட்டினான். வேறு குழாய் மாட்டிப் பாட்டை மறுபடி ஓடவிட்டார்கள். லோசா திருப்பத் திருப்பப் பையன்கள் முகம் சுளித்தார்கள், பிறகு கத்தினார்கள், ஒருவன் ஆடவே தொடங்கினான். அலபாத்திக்குக் குரல் மட்டும் கேட்டது. அதன் ஓரங்கள் முன்பு இவ்வளவு மழுங்கலாக இருந்தனவா என்று நினைத்துப் பார்த்தான். நினைவில்லை.