பிழை கண்டவருக்குப் பரிசு

ஆறு மாதத்துக்கு ஒரு முறை நெவெனா அம்மாவின் படம் போட்ட இரங்கல் தாளை ஊர் வழக்கப்படி தன் வீட்டுக் கதவில் ஒட்டுவாள். இன்னொன்றைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் பெய்கோவ் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ஒட்டுவாள். செத்தவர் தாளைப் பல்கேரியாவில் யாரும் கிழிப்பதில்லை. மழைதான் கிழிக்க வேண்டும்.

"ஏம்மா, உங்கம்மா இங்க குடியிருக்கலயே" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"இல்ல. இங்க குடியிருக்கிறவராலதான் செத்தாங்க."

அவர் பசை டப்பாவை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்மா இஸ்க்ரா அந்த நிலக்கரி ஊரின் எரிசக்திக் கல்லூரியில் விரிவுரையாளர். மின்நிலையத்திலிருந்து வீடுகளுக்கு வெந்நீர் போகும் குழாய்களை அளந்து, நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு சூடு வழியிலேயே மண்ணுக்குப் போகிறது என்று எழுதினார். குழாய்க் கம்பெனிக்கு ஆலோசகரான பெய்கோவ், பத்துதான் என்று எழுதியிருந்தார். ஆசிரியர் கூட்டத்தில் இஸ்க்ராவின் கட்டுரையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "அடுப்படிக் கணக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பருவத்தில் இஸ்க்ராவுக்கு வேலை போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தினார். சிரிப்பு மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. ஒரு குளிர்காலத்தில் இதயம் நின்றது.

நெவெனா பம்பு பொறியாளர். அழத் தெரியாதவள் என்று உறவினர் சொன்னார்கள். மலையடிவாரத் தோட்ட வீட்டை விற்று, அம்மா பெயரில் அதே கல்லூரியில் மாணவர் ஆராய்ச்சிப் பரிசு ஒன்றை நிறுவினாள். நிபந்தனை ஒன்றுதான்: இந்தக் கல்லூரி வெளியிட்ட எரிசக்தி ஆய்வு ஒன்றில் பிழை கண்டு நிரூபிக்க வேண்டும். யாருக்கு வைத்த பொறி என்று வாயிற்காவலருக்கும் தெரியும்.

முதல் வருஷம் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. மதிப்பெண் போடுகிறவர் பெய்கோவ்.

இரண்டாம் வருஷம் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. கலினா என்ற மாணவி இஸ்க்ராவின் கட்டுரையில்தான் பிழை கண்டிருந்தாள்.

"யார் சொல்லி எடுத்தே?" என்று நெவெனா அவளிடம் கேட்டாள்.

"ப்ரொபசர்தான் மேடம். 'அதுல தப்பு இருக்கு, தேடு'ன்னார்."

உடனிருந்த நடுவர், "உங்களுக்குச் சங்கடம்னா ஒதுக்கிடலாம்" என்றார்.

நெவெனா ஆய்வை வீட்டுக்கு எடுத்துப்போய் வரி வரியாகக் கணக்குப் போட்டாள். அந்தப் பெண் சொன்னது சரி. அம்மா மழை ஓய்ந்த வசந்தத்தில், ஈர மண்ணில் அளந்ததை வருஷம் முழுவதற்கும் பொருத்திவிட்டார். ஈர மண் சூட்டை அதிகம் இழுக்கும். அம்மா தப்பு. காகிதத்தை மேசையில் கவிழ்த்துவைத்தாள். பிறகு திருத்திய கணக்கு இருந்த கடைசிப் பக்கத்தை மறுபடி திருப்பினாள். மறுநாள், "பரிசு இவளுக்குத்தான்" என்றாள்.

பெய்கோவ் விழாவுக்குப் புதுக் கழுத்துப்பட்டை கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்த ஆய்வில் முதல் பக்கத்துக்கு மேல் அவர் படித்திருக்கவில்லை. இஸ்க்ராவின் பெயரும் பிழை என்ற சொல்லும் அங்கேயே கிடைத்துவிட்டன.

நெவெனா சான்றிதழைக் கொடுத்தாள். மைக்கை மட்டும் விடவில்லை.

"எங்கம்மா எவ்வளவுன்னு எழுதினாங்க, கலினா?"

"முப்பத்து மூணு."

"சரியான கணக்கு எவ்வளவு?"

"இருபத்தாறு."

"ப்ரொபசர் பெய்கோவ் எழுதினது?"

கலினா முன்வரிசையைப் பார்த்தாள். "பத்து" என்றாள், கேட்டும் கேட்காமலும்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. நெவெனா அதை அடக்கவில்லை. முழுக்க வந்து சேரட்டும் என்று நின்றாள்.

கீழே இறங்கியதும் பெய்கோவ் வழிமறித்தார். "உங்கம்மா தப்புன்னு நீயே ஊரறிய ஒத்துக்கிட்டே."

"ஆமா சார். அவங்க ஏழு தப்பு. நீங்க பதினாறு. அவங்களுக்கு வேலை போச்சு. உங்களுக்கு என்ன போகுதுன்னு பாத்துட்டுத்தான் நான் ஓய்வேன்."

அவர் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் போனார். நெவெனாவுக்கு உள்ளங்கை சுட்டது. நல்ல சூடு. இன்னும் வேண்டும் போலிருந்தது.

படிக்கட்டில் கலினா சான்றிதழைச் சுருட்டியபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், வர்ற மாசம் அவர்கிட்ட எனக்கு வாய்மொழித் தேர்வு இருக்கு."

நெவெனா இதை யோசிக்கவே இல்லை. அம்மாவை நிறுத்திய அதே இடத்தில் இந்தப் பெண்ணைத் தானே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

"எந்த அறை?"

"மூணாவது மாடி. கதவைச் சாத்திட்டுத்தான் கேப்பார்."

"திறந்துதான் இருக்கும். நான் நிலைப்படியில நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். நீ அவர் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லு."

"விடுவாங்களா?"

"அன்னைக்கு அந்தக் கூட்டத்துல எங்கம்மாவுக்குப் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல" என்றாள் நெவெனா. "தேதியச் சொல்லு."