குளித்துவிட்டு வரும் பஸ்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். மேற்கே இரண்டு ஊருக்கும் ஒரே மலைதான். வெளியூர்க்காரர் ஒருவரை இரண்டு ஊரிலும் மாறி மாறி நிறுத்தினால் வெயிலில் வித்தியாசம் எதுவும் சொல்ல மாட்டார். நாங்கள் சொல்வோம். மத்தியானம் எப்படிக் காய்ந்தாலும் நாலு மணிக்கு மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும், சில நாள் மழையையும் கூட்டிக்கொண்டு வரும் என்று ராஜபாளையத்துக்காரர்கள் பெருமை பேசுவோம். அது உண்மையும்கூட. அந்த உண்மையை என் தங்கையிடம் ஏழு கோடை மறைத்தேன்.

வெயிலைப் பற்றி நான் சொன்னால் எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. டெக்ஸ்டைல் படித்துவிட்டு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரை ஷிப்டுக்கு நாலு தரம் பார்த்து எழுதுவதும், காற்றைப் பதமாக வைத்திருப்பதும்தான் என் வேலை. அதை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். "அண்ணன் சொன்னா வானிலை அறிக்கை மாதிரி" என்பாள் தங்கை.

அவள் கணவர் இறந்த வருஷம், மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் இருப்பது பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு பழக்கடைக்கு மேலே உள்ள மாடி வீடு. கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடியும் வரை இறக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்தால் மலை தெரியும், சப்போட்டா மரத்தின் நிழல் இருக்கும். கோடையில் என் மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். நானும் தங்கையும் மட்டும்தான்.

அந்த மாதம் முழுவதும் அவள் கணவரைப் பற்றியே பேசினாள். கடைசி நாள் அவர் என்ன சாப்பிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செருப்பை எங்கே விட்டார், டாக்டர் எந்த வார்த்தையைச் சொன்னார். சொன்னதையே மறுபடி சொல்லுவாள். சொல்லும்போது அழுவாள். நான் முதல் வாரம் கேட்டேன். பிறகு மோட்டார் போட வேண்டும் என்று எழுந்தேன், பேப்பர் வாங்கப் போகிறேன் என்று எழுந்தேன். அவள் ஊருக்குப் பஸ் ஏறிய அன்று வீட்டுக்குத் திரும்பி வந்ததும், அந்த அமைதியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அடுத்த சித்திரையில் போன் வந்தது. "அண்ணே, இங்க இருக்க முடியல. ஒங்க ஊர்ல எப்படி இருக்கு?"

"அதே வெக்கைதான்ட்டி. ஒரு பொட்டு மழை இல்ல. வந்து என்ன செய்யப்போற?"

இதை அவள் நம்பினாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் அதே கேள்வி, அதே பதில். சில நாள் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். போனுக்குள் சத்தம் கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு, இங்கே புழுங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் மே மாதம், கூட வேலை பார்த்த ஒருவரின் மகனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் கல்யாணம். சாயங்காலம் அங்கேயே வரவேற்பு. அதற்கு முன் தங்கை வீட்டில் செத்த நேரம் இருக்கலாம் என்று மூன்று மணிக்குக் கிளம்பினேன். அன்று காலையில்தான் அவள் போனில் கேட்டிருந்தாள். மேகமே இல்லை என்று சொல்லியிருந்தேன். நான் பஸ் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துதான் ஏறினேன். பாதி வழியில் ரோடு காய்ந்து கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் புழுதி பறந்தது.

அவள் தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறாள். தைக்கிற துணியில் வேர்வை விழாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் கொடியிலிருந்து வேறு துண்டை எடுத்து நீட்டினாள்.

"தலையத் துவட்டுங்கண்ணே."

"பஸ் ஸ்டாண்டுல எவனோ தண்ணியத் தெளிச்சுட்டான்" என்றேன். வாய்க்கு அதுதான் வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "ஒங்களுக்கு மட்டுமா தெளிச்சான்? அந்தா பாருங்க."

கீழே நான் வந்த பஸ் நின்றிருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"ஏழு வருசமாப் பாக்கேன்ணே. ஒங்க ஊரு பஸ்ஸு குளிச்சுட்டுத்தான் வருது. இங்க உள்ள பஸ்ஸுக்குத்தான் குடுத்து வைக்கல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத வருசம், அண்ணன் கவனிக்கல போலன்னு நெனச்சேன். ரெண்டாம் வருசம் புரிஞ்சுருச்சு."

"பொறவு ஏன்ட்டி வருசா வருசம் கேட்ட?"

அவள் மிஷினை நிறுத்திவிட்டு நூலைக் கடித்தாள். "கேக்காம விட்டா, நீங்க வராதேன்னு சொன்ன மாதிரி ஆயிரும்லா. கேட்டா, மழை இல்லன்னு சொல்லுவிய. பழி வெயிலோட போயிரும்."

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுததைக் கேட்கப் பொறுமை இல்லாததால்தான் அப்படிச் செய்தேன் என்று, எந்தச் சாக்கும் சேர்க்காமல் சொன்னேன். அவள் குனிந்தபடி கேட்டாள். பிறகு, "ஆமா, நானும் ரொம்பத்தான் அழுதுட்டேன், என்ன?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்பச் சொல்லு. எம்புட்டு நேரம்னாலும் இருந்து கேக்கேன்."

"அதெல்லாம் சொல்லி முடிச்சாச்சுண்ணே. கீழ பழக்கடை அக்காட்டச் சொல்லித் தீத்துட்டேன். பாவம், அவிய ரெண்டு கோடை முழுக்கக் கேட்டாவ."

நாளைக்கே என்னோடு வந்துவிடு என்றேன். இருபது ஜாக்கெட் பாக்கி இருக்கிறது, எல்லாம் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியவை, இப்போது முடியாது என்றாள். ஏழு வருஷம் நான் சொன்ன சாக்குக்கு இது பதில் என்று எடுத்துக்கொண்டு, மேலும் வற்புறுத்தாமல் கீழே இறங்கினேன்.

பழக்கடை அம்மாவிடம் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு கிலோ மாம்பழம் நிறுக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் ராசபாளையத்து அண்ணாச்சியா?"

"ஆமா."

"ஒங்க ஊரு அம்புட்டு குளுமையாம்லா! மரமும் காத்துமா இருக்குமாம். தைக்கிற புள்ள சொல்லி சொல்லி எனக்கே வந்து பாக்கணும்போல இருக்கு."

"சொல்லுவாளா?"

"சொல்லாம? இந்த வெக்கையில ஏன்ட்டி சாகுத, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாயேன்னு நானும் வருசம் தவறாமச் சொல்லுதேன். அண்ணன் தெனமும் வா வான்னு போன் போடுதாவ, எனக்குத்தான் தையல் ஓய மாட்டேங்குதுன்னு சொல்லுதா. இந்த வருசமாவது கையப் புடிச்சு இழுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

மாம்பழப் பையை வாங்கிக்கொண்டேன். வரவேற்புக்கு நேரமாகியிருந்தது. நான் சர்ச்சுக்குப் போகவில்லை. மறுபடி மாடிப்படி ஏறினேன்.

"எதையாச்சும் மறந்துட்டியளா?" என்றாள்.

"ஜாக்கெட் முடியிற வரைக்கும் நான் இங்க இருக்கேன். முடிஞ்சதும் ரெண்டு பேரும் போவோம்."

"இந்த வெக்கையிலயா? அவிஞ்சிருவிய."

"அவிஞ்சாப் பாத்துக்கலாம். எனக்கு ஏதாவது வேலை குடு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோர்த்து, ஒரு டப்பா கொக்கியும் தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றும் என் மடியில் போட்டாள். கொக்கி வைப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினாள்.

அன்று ராத்திரி கூரைச் சூட்டில் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மறுநாள் முழுக்கக் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கொக்கி தைத்தேன். ஆறு ஜாக்கெட் முடித்துவிட்டேன் என்று சாயங்காலம் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, மடித்து வைத்தாள். நான் குளிக்கப் போன நேரத்தில் அத்தனையையும் பிரித்துவிட்டாள். அதைத் திரும்பத் தைக்க வேண்டியிருந்ததால் நாங்கள் ராஜபாளையத்துக்குப் புறப்படுவது இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.