எல்லைப் பலகையடி ஒப்பந்தம்

மூன்று கிழமையாக எங்கள் வீதிக்குக் குப்பை டிராக்டர் வரவில்லை. இன்று பிரதேச சபையில் பாதீட்டுக் கூட்டம். லுஹர் தொழுதுவிட்டு சைக்கிளில் சபை வாசலுக்குப் போய் நின்றேன். எங்கள் வட்டார உறுப்பினர் வெளியே வந்தார்.

"என்ன காக்கா முடிவு?"

"பட்ஜெட் பாஸாகிட்டு தம்பி. பக்கத்துச் சபையோட சேந்து ஒரே இடத்துல குப்பை கொட்டுற ஒப்பந்தம்தான் நிண்டுட்டு."

"அவங்க ஏலாது எண்டுட்டாங்களா?"

"இல்ல, அவங்க ஓம் எண்டுதான் சொல்றாங்க. ஆனா ஒப்பந்தத்துல அவங்கட ஊர்ப்பேர் முன்னுக்கு, நம்மட பேர் பின்னுக்கு. என்னெண்டு தம்பி கையெழுத்து வைக்கிற?"

சைக்கிளைத் திருப்பினேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, நாற்றம் தாங்காத மீன்கழிவுப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள எல்லைப் பலகையடிக்குப் போனேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பையை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். நான் என்னுடையதை அவர்கள் பக்கம் வைத்தேன்.

இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டோம். யார் முதலில் சொன்னது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

உங்கள் ஊரில் எல்லைப் பலகை எந்தப் பக்கம்?