சாம்பல் பாட்டும் சாவு அடியும்

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெளிச்சம்தான். எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் மதிய வெயில். அதில் கோலமாவைச் சலித்துவிட்டது போல மெதுவாக இறங்கும் சாம்பல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்று தெரியும். தெரிந்துதான் அதை எதிர்த்துப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். ஆனாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாவி மனது, என்ன செய்ய.

மூன்று பேர் சேர்ந்த பேண்டு. ராயபுரத்தில் அப்பாவின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்த பெண் நான்; சர்ச் பாடகர் குழுவில் கற்ற கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுவேன்; பாடுவேன் என்ன, கத்துவேன். பாஸ் கிட்டார் வாசித்தவன் கழிமுகத்து மீனவக் குப்பத்துக்காரன். பாட்டெல்லாம் அவன் எழுதியது. டிரம்ஸ் வாசித்தவன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருவான். கப்பல்காரர்கள் துறைமுகத்தில் விட்டுப்போன கேசட்டுகளில்தான் எங்களுக்கு பங்க் ராக் கிடைத்தது. கிட்டாரில் மூன்றே கார்டு, தலைதெறிக்கிற வேகம், யார் மேலாவது கோபம். அதில் பாஸ்காரன் கானா மெட்டைக் கலப்பான். நான் ஞாயிற்றுக்கிழமைப் பாமாலையை நுழைப்பேன். இது என்ன இசை என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியாது. சொக்கிப் போயிருந்தோம்.

டிரம்ஸ்காரனின் அப்பா, தாத்தா எல்லோரும் சாவு மேளம் அடித்தவர்கள். அவனும் சின்ன வயதிலேயே பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். அதை விட்டுத் தலைமுழுகத்தான் பழைய டிரம்ஸ் செட் ஒன்றைத் தேடிப் பிடித்து எங்களிடம் வந்தான். "செத்த வூட்டுக்கு இனிமே அடிக்க மாட்டேன்மே. மேடையில குந்திகினு அடிக்கணும், ஜனம் என் மூஞ்சிய பாக்கணும்" என்பான். அவன் கேட்டது அவ்வளவுதான்.

கெடுத்தது நான். ஒருநாள் விளையாட்டாக அந்தச் சாவு அடியைத் தொடையில் தட்டிக் காட்டினான். எனக்குப் புல்லரித்துவிட்டது. சாம்பல் பாட்டுக்கு இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேண்டாம் என்றான். மூன்று வாரம் நச்சரித்தேன். "பேஜாரு பண்ணாதமே, அடிக்கிறேன்" என்று இறங்கி வந்தான்.

குப்பத்தில் வலை வைக்கும் கொட்டகையில்தான் ஒத்திகை. அன்று காற்று கழிமுகத்தைப் பார்த்து வீசியது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். அந்த அடி என் குரலைத் தூக்கிக்கொண்டு போனது. கால் தரையில் பாவவில்லை. எவ்வளவு நேரம் அப்படி மிதந்தேனோ. கண்ணைத் திறந்தால் வாசலில் பாதிக் குப்பம் நிற்கிறது. பெண்கள் சிலர் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. போனவர்களும் திரும்பிவிட வேண்டும். மேளச் சத்தம் கேட்டு நான்கு படகுகள் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டிருந்தன.

"யாருடா பூட்டது?" என்றார் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர், மூச்சிரைக்க.

"யாரும் இல்ல சித்தப்பா. பாட்டு" என்றான் பாஸ்காரன்.

திட்டு விழுந்தது. செம திட்டு. ஒருநாள் மீன் போச்சே! பிறகு யாரோ ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். சாம்பலை எதிர்த்து நடக்கவிருந்த கூட்டத்தில் எங்களை மேடையேற்றுவதாகத் தலைவர் வாக்கும் கொடுத்தார். போகும்போது டிரம்ஸ்காரனின் முன்னால் நின்றார்.

"அடி சுத்தமா கீதுப்பா. எந்தப் பக்கம்?"

"புளியந்தோப்பு."

"அப்ப செரி. மேளக்காரங்க பக்கம்."

அவன் குச்சிகளை எடுத்துப் பையில் போட்டான். பஸ்ஸில் என்னை விட்டு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

பத்து நாள் கழித்து அந்தத் தலைவர் எங்கள் கடைக்கு ஃபோன் செய்தார். கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று குதித்துக்கொண்டு போய் எடுத்தேன்.

"பெருசு ஒண்ணு பூட்டுச்சும்மா. உங்க மேளக்காரன அனுப்பிவுடு. அவன் அடிச்சா நல்லா இருக்கும்" என்றார். தன்மையாகத்தான் கேட்டார்.

"சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

உடனே பஸ் பிடித்துப் புளியந்தோப்பு போனேன். மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து, பெரிய டிரம்மின் முகத்தில் எங்கள் பேண்டின் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். பிரஷ் நின்றது.

"நீ இன்னா சொன்ன?"

"உன்கிட்ட சொல்றேன்னு சொன்னேன்."

பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவுக்குள் போட்டான்.

"மைக்குல அம்மாம் கத்து கத்துற. அவன் மேளக்காரன் இல்ல, வரமாட்டான்னு போன்ல சொல்ல உனுக்கு வாய் வரலியா?"

வரவில்லை. அப்படிச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.