கணக்கில் சேராத சீடி

சுனாமியில் போன என் சீடிக் கடையைக் கல்முனையில் நான் மறுபடி திறந்திருந்த காலம் அது. உலகத்திலேயே அதிகம் விற்கும் பாடகர்களுக்கு விருது கொடுக்கும் நிகழ்ச்சியை ஒரு மாலை கடை டீவியில் போட்டிருந்தேன். தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். மீன் விற்று முடித்து வெறுங்கூடையோடு வந்த பாண்டிருப்பு புவனேஸ்வரி அக்காவும் நின்றார்.

விருது வாங்கிய வெள்ளைக்காரப் பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன தம்பி சொல்றா?" என்று அக்கா கேட்டார்.

"தன்ட சீடிய வாங்கின எல்லாருக்கும் நன்றியாம்."

"அப்ப நமக்கும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாம எங்க அக்கா வாங்கின? நான் கொம்பியூட்டரில கொப்பி பண்ணித் தந்ததுதானே. அதெல்லாம் அவட கணக்குல வராது."

அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"தகப்பன் கடலோட போனதில இருந்து என்ட மகள் முகாமில வாய் திறக்கல்ல தம்பி. நீ தந்த சீடியப் போட்ட அண்டைக்குத்தான், அர்த்தம் தெரியாமலே இவட பாட்டைக் கூடச் சேர்ந்து முணுமுணுத்தாள். அதுக்குப் பிறகுதான் என்னோடயும் கதைச்சவள். அதையும் கணக்குல சேர்க்கச் சொல்லு."

நான் யாரிடம் போய்ச் சொல்ல? ஆனால் நாட்டில் சண்டை முடிந்து, சீடி வாங்க ஆளில்லாமல் போன பிறகும் அந்த விருது நிகழ்ச்சிகளை நான் விடாமல் பார்க்கிறேன். இத்தனை கோடி விற்றது என்று மேடையில் வாசிக்கும்போதெல்லாம், அதோடு பாண்டிருப்பில் ஒன்று என்று மனசுக்குள் கூட்டிக்கொள்கிறேன்.